மூன்று பாய் அப்பளம்: ஈப்போவிலிருந்து மதுரைக்கு ஐந்து நாள்

சென்ற ஆண்டு, 2007 ஆகஸ்டில், வேலை நிமித்தமாக ஐந்து நாள் மதுரைக்குப் போய் வந்தேன். மலேசியாவில் ஈப்போ நகரில் பிறந்து, அறுபத்தெட்டு வயது வரை நாட்டு எல்லையைத் தாண்டாதவன் நான். மதுரையில் எல்லாரும் தமிழ்தான் பேசுகிறார்கள், அதனால் வெளிநாடு மாதிரியே இருக்காது என்று பலர் தைரியம் சொன்னார்கள். எனக்கு அது முழுக்க முழுக்க வெளிநாடாகத்தான் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய காலத்திலிருந்தே, சொல்லப்போவதைக் கரும்பலகையில் எண் போட்டு எழுதிவிட்டுத்தான் தொடங்குவேன். கீழே உள்ளவை மூன்றாம் நாள் மாலை மதுரை விடுதியில் உட்கார்ந்து குறிப்பேட்டில் எழுதியவை. ஒரு சொல்லும் மாற்றாமல் தருகிறேன்.

1. போன காரணம், போன வழி, நேரம், செலவு.
2. மதுரை நகருக்குள் தங்குவது, நடப்பது, சாப்பிடுவது.
3. கீழக்குயில்குடிப் பக்கம் உள்ள அப்பளக் கொட்டகைக்குப் போகும் விதம்.
4. வேலைப் பயணத்தில் துணை கூடாது. துணைக்கு வந்தவரின் வாயால் மூன்று பாய் அப்பளம் கெட்டது.
5. சமணர் மலை ஏறுவது.
6. போகிறவர்களுக்குச் சில யோசனைகள்.

முதலில் காரணம். நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு மளிகை இறக்குமதி நிறுவனத்தின் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறேன். மதுரையிலிருந்து வரும் அப்பளப் பெட்டிகளைத் திறந்து, உடைந்ததை எண்ணிப் பிரித்து, இடைத்தரகருக்குக் கடிதம் எழுதுவது என் வேலைகளில் ஒன்று. பதினோரு ஆண்டுகளாக எழுதினேன். ஒரு கடிதத்துக்கும் உருப்படியான பதில் வந்ததில்லை. கடைசியில் முதலாளியம்மா, தரகரே வேண்டாம், செய்கிறவர்களிடமே நேராக வாங்குவோம் என்று முடிவு செய்தார். போய்ப் பார்த்துப் பேசிவர இரண்டு பேரை அனுப்பினார். ஒருவன் நான். இன்னொருவர் எங்கள் விற்பனை வேனை ஓட்டும் மணியம், வயது முப்பத்தெட்டு.

புறப்படுவதற்கு முன் இருவரையும் அழைத்து அவர் சொன்னது இது: "ஒவ்வொரு வருசமும் ரெண்டு டிக்கெட் போட முடியாது. மதுரைக்காரங்க யாரை நம்புறாங்களோ அவங்கதான் இனிமே போவாங்க."

மணியத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை. போனாலும் சரி, போகாவிட்டாலும் அவருக்கு வேன் இருக்கிறது. எனக்கு அப்படியில்லை. கிடங்குக் கணக்கெல்லாம் கணினிக்குப் போய்விட்டது. நான் செய்து வந்ததை ஒரு பெண் பிள்ளை மாலை நான்கு மணிக்குள் முடித்துவிடுகிறாள். இந்த மதுரை வேலை கிடைத்தால் கிடங்கில் எனக்கு ஒரு நாற்காலி இருக்கும். இல்லையென்றால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். இதை நான் மணியத்திடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானம். பிற்பகல் 1.40க்குக் கிளம்பி, மூன்று மணி ஐம்பது நிமிடம் பறந்து, இந்திய நேரப்படி மூன்று மணிக்கு இறங்கினோம் (இரண்டரை மணி நேரம் கடிகாரத்தைப் பின்னால் தள்ள வேண்டும்). குடிநுழைவு அதிகாரி மணியத்தைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்து, முத்திரை குத்தி அனுப்பிவிட்டார். என்னை ஆறு நிமிடம் நிறுத்திவைத்தார். என் தாள்கள் எல்லாம் வரிசைப்படி கோப்பில் இருந்தன. ஒருவேளை அதுதான் அவருக்குச் சந்தேகமோ என்னவோ.

திருச்சியிலிருந்து மதுரை ஏறத்தாழ 135 கிலோமீட்டர். வாடகைக் கார் 1,600 ரூபாய். அப்போது ஒரு ரிங்கிட்டுக்குப் பதினோரு ரூபாய் சொச்சம். நான்குவழிச் சாலை வேலை நடந்துகொண்டிருந்ததால் மேலூர் தாண்டி மதுரை சேர மூன்றரை மணி நேரம் ஆயிற்று. வழியெல்லாம் மணியமும் ஓட்டுநரும் பேசிக்கொண்டே வந்தார்கள். ஓட்டுநரின் தங்கைக்கு வரன் பார்ப்பது வரை பேச்சு போனது. நான் கிலோமீட்டர் கல்லைப் படித்துக்கொண்டு வந்தேன்.

தங்கியது ரயில் நிலையத்துக்கு எதிரில் மேலவெளி வீதிப் பக்கம் ஒரு விடுதி. இருவருக்கு ஓர் அறை, நாளுக்கு 750 ரூபாய், வெந்நீர் காலை ஆறு முதல் எட்டு வரை மட்டும். மணியம் படுத்ததும் தூங்கிவிடுகிற ஆள். விளக்கை அணைக்கலாமா என்று நான் கேட்டு முடிப்பதற்குள் தூங்கியிருந்தார். அதைப் பார்த்துக்கூடப் பொறாமைப்பட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் பட்டேன்.

மதுரையின் உள்நகரம் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்தது. நடுவில் கோயில், அதைச் சுற்றிச் சித்திரை வீதிகள், பிறகு ஆவணி மூல வீதிகள், பிறகு மாசி வீதிகள், கடைசியில் வெளி வீதிகள். ஒவ்வொன்றுக்கும் கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு என்று நான்கு. இதைவிட ஒழுங்கான ஊர் எனக்குக் கிடைக்காது என்று மகிழ்ந்து, ஊரிலிருந்தே ஓர் அட்டவணை போட்டுக் கொண்டுபோயிருந்தேன். ஆனால் இரண்டாம் நாள் காலை அந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டே வழி தவறினேன். வடக்கு ஆவணி மூல வீதி என்று நினைத்து நான் நின்ற இடம் வடக்கு மாசி வீதி. முன்னால் மாட்டுவண்டி, பின்னால் மூன்று சக்கர வண்டியில் இரும்புக் கம்பி, இடது தோளில் யாரோ ஒருவரின் வெங்காய மூட்டை. ஊர்க்காரர்கள் இந்த நெரிசலுக்குள் மன்னிப்பும் கேட்காமல், கோபமும் படாமல், பேச்சையும் நிறுத்தாமல் நடந்தார்கள். அந்த இலகுவான நடை எனக்கு வரவே இல்லை. மணியத்துக்கு அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. அவர் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம், "அக்கா, எங்க சார் காணாமப் போயிட்டாரு, கோயில் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "பத்திரமாக் கூட்டிட்டுப் போ தம்பி" என்றார்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. இட்லி மூன்று ரூபாய், நான்கு சட்னி. காப்பி ஆறு ரூபாய். விளக்குத்தூண் அருகே ஜிகர்தண்டா பன்னிரண்டு ரூபாய். பால், கடல்பாசி, நன்னாரிச் சர்பத், மேலே ஐஸ்கிரீம். எனக்குச் சர்க்கரை வியாதி, அதனால் கால் குவளைதான் குடித்தேன். மீதியை மணியம் குடித்தார்.

இனி அப்பளக் கொட்டகை. நகரிலிருந்து மேற்கே, காளவாசல் வழியாக நாகமலைப் புதுக்கோட்டை போய், அங்கிருந்து கீழக்குயில்குடிச் சாலையில் திரும்ப வேண்டும். எங்கள் விடுதியிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம். பெரியார் நிலையத்திலிருந்து நகரப் பேருந்து உண்டு, ஐந்து ரூபாய். ஆனால் நேரத்துக்கு வராது. ஆட்டோவே மேல். நான் கேட்டபோது ஆட்டோ ஓட்டுநர் கணேசன் 220 என்றார். எனக்குப் பேரம் பேச வராது. சரி என்று தலையாட்டப் போனேன்.

"என்ன மாப்ள, எங்களப் பாத்தா வெள்ளக்காரன் மாதிரியா இருக்கு?" என்று மணியம் இடையில் புகுந்தார். மாப்ள என்கிற சொல்லை அவர் முதல் நாளே பிடித்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளக்காரன்னா முன்னூறு சொல்லியிருப்பேன் மாப்ள. சாரப் பாத்தா ஆபீசரு மாதிரி இருக்காரு, அதான் எரநூத்தி இருவது. நீங்க மட்டும் போனா நூத்தம்பது."

"அப்ப சார நான் மடியில வச்சுக்குறேன், நூத்தம்பதுக்கே போ."

போனோம். நாகமலை வலப்பக்கம் நீளமாகக் கூடவே வந்தது. அதற்கு இந்தப் பக்கம் வயலும் பொட்டலுமாகச் சமவெளி. தூரத்தில் சமணர் மலை, வழுவழுப்பான ஒற்றைப் பாறை. அதன் அடிவாரத்துக்கு அரைக் கிலோமீட்டர் முன்னால் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. முன்னால் பெரிய களம். களம் முழுக்கப் பாய்கள், பாய்கள் முழுக்க வட்ட வட்டமாக அப்பளம். பதினோரு ஆண்டுகள் பெட்டிக்குள் உடைந்து கிடந்ததை மட்டுமே பார்த்த எனக்கு, முழுசாக இத்தனை ஆயிரம் ஒரே இடத்தில் வெயிலில் கிடப்பதைப் பார்க்கப் பார்க்க ஆசை தீரவில்லை. அதை அங்கே யாரிடமும் சொல்லத் தெரியவில்லை.

கொட்டகைக்குச் சொந்தக்காரர் பாண்டியம்மாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய தாயார் காலம் வரை சொந்த நிலம் இல்லாத குடும்பம், மற்றவர்கள் வயலில் நடவு நட்டவர்கள். இன்று அந்தக் களமும் பக்கத்து இரண்டு ஏக்கரும் அவர் பெயரில் இருக்கின்றன. இருபத்திரண்டு பெண்கள் அவரிடம் வேலை பார்க்கிறார்கள். உளுந்து மாவை அப்பளக்காரம் சேர்த்துப் பிசைந்து, இடித்து, உருட்டி, கட்டையால் தேய்த்துக் காயப்போட வேண்டும். கெடாமல் வந்த அப்பளத்தின் எடைக்கு மட்டும்தான் கூலி.

நான் பதினான்கு கேள்விகள் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். முதல் கேள்வி: எத்தனை நிமிடம் வெயிலில் வைப்பீர்கள்?

"அது வெயிலப் பொறுத்துங்கய்யா" என்றார் பாண்டியம்மாள்.

உப்பு எவ்வளவு?

"மாவப் பொறுத்து."

மாவு எப்படி இருக்க வேண்டும்?

"கைக்குத் தெரியும்ங்கய்யா."

மூன்றையும் எழுதிக்கொண்டேன். நான்காவது கேள்விக்குள் அவர் எழுந்து மாவு பார்க்கப் போய்விட்டார். மணியம் பின்னாலேயே போய், "அக்கா, இம்புட்டும் காயுறப்போ சடார்னு மழ வந்தா என்னக்கா பண்ணுவீங்க?" என்றார். அவ்வளவுதான். போன ஐப்பசியில் மழை வந்து இருபத்திரண்டு பேரும் பாயைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடியது, முத்துப்பேச்சி என்பவர் வழுக்கி விழுந்தும் பாயை மட்டும் கீழே விடாதது, ஈரம் ஏறின மாவை மறுநாள் என்ன செய்தார்கள் என்பது என்று பாண்டியம்மாள் முக்கால் மணி நேரம் பேசினார். என் பதினான்கு கேள்விகளில் ஒன்பதுக்கு அதிலேயே பதில் இருந்தது. உடைசலுக்கான காரணமும் அதில்தான் வந்தது.

"பதினோரு மணி வெயிலுன்னா இருவது நிமிசந்தான் தம்பி. பொறவு நெழலுக்குக் கொண்டுபோயிரணும். அசந்துட்டம்னு வையி, ஓரம் சுருண்டுக்கும். கட்டுப் போடுறப்பவே பொடிப்பொடியாப் போயிரும். அங்கிட்டு உங்க ஊருக்கு வந்து சேரையில அப்பளமாவா இருக்கும்? பொடியாத்தான் இருக்கும்."

மணியம் தலையாட்டிக்கொண்டு கேட்டார். ஒன்றையும் எழுதிக்கொள்ளவில்லை. தூணுக்குப் பக்கத்தில் நின்று நான்தான் எழுதினேன்: பதினோரு மணி வெயில், இருபது நிமிடம். என் பதினோரு ஆண்டுக் கேள்விக்குப் பதில் அவரைப் பார்த்துச் சொல்லப்பட்டது. களத்துப் பெண்கள் மணியத்தை "மலேசியா மாப்ள" என்றார்கள். பெண்டாட்டி சமைக்க மாட்டாளா, இப்படி ஒல்லியாக இருக்கிறாயே என்றார்கள். என்னிடம் ஒருவர் மட்டும், "சார், தண்ணி வேணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். உண்மையில் தாகமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள்தான் இந்தக் கட்டுரையில் முக்கியம். காலை 9.30க்கே போய்விட்டோம். பாண்டியம்மாள் மாவு மில்லுக்குப் போயிருந்தார். பத்தரை மணிக்குப் பெண்கள் மணியத்திடம், "மாப்ள, வெறுங்கையோடவா வாரது? புதுக்கோட்டையில வட சூடாப் போடுவாக" என்றார்கள். அவர் உடனே கணேசனின் ஆட்டோவில் ஏறிப் போனார்.

செய்ய ஒன்றும் இல்லாமல், பையிலிருந்து எஃகு அளவுகோலை எடுத்து, அருகில் இருந்த அடுக்கிலிருந்து பத்து அப்பளத்தை அளந்தேன். பத்தும் பதினொன்றரை சென்டிமீட்டர். மறுபடி குறுக்கே அளந்தேன். ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. வெறும் கண்ணால் பார்த்துத் தேய்த்தவை.

அவற்றைத் தேய்த்த செல்வி நிமிர்ந்து பார்த்தார். "என்ன சார், அப்பளத்துக்குச் சட்டை தைக்கப் போறீகளா?"

"பத்தும் ஒரே அளவு. அச்சில் போட்டாலும் இப்படி வராது" என்றேன். என் குரல் வகுப்பில் பேசுகிற குரலாகவே வந்தது.

"கேட்டியா முத்துப்பேச்சி? வாத்தியாரு எனக்குப் பத்துக்குப் பத்து போட்டுட்டாரு!"

"ஆமா, அவளுதுல நல்லதாப் பொறுக்கி எடுத்து முன்னால வச்சிருப்பா. எங்களுதையும் அளங்க சார், பாப்போம்" என்றார் முத்துப்பேச்சி.

அளந்தேன். அவருடைய பத்தில் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் கூடுதல். கொட்டகை முழுக்கச் சிரிப்பு. "அது நேத்துத் தேச்சது, எனக்குக் காச்சலு" என்றார் முத்துப்பேச்சி. "பொய் சொல்றா சார், நேத்து ரெண்டு தட்டுப் பழைய சோறு தின்னா" என்றார் இன்னொருவர். எட்டு பேர், பிறகு பன்னிரண்டு பேர் என்னைச் சுற்றி வந்துவிட்டார்கள். கையில் அவரவர் அப்பளம். குறிப்பேட்டில் கோடு போட்டுப் பெயர் எழுதி அட்டவணை போட்டேன். செல்வி முதலிடம். மற்றவர்களுக்குச் செல்வி மேல் அப்படி ஒரு பொறாமை. அந்த முகங்கள் எனக்கு நன்றாகப் புரிந்தன. முந்தைய நாள் முழுக்க என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அந்த நேரத்துக்கான மூன்று பாய்களைக் களத்தில் விரித்தது 11.05க்கு. நான் எல்லாவற்றையும் குறிப்பவன், அதையும் குறித்திருந்தேன். நிழலுக்குத் தூக்க வேண்டிய முறை அன்று முத்துப்பேச்சியுடையது. அவர் என் முழங்கைக்குப் பக்கத்தில் நின்று, "இன்னொரு தடவ அளங்க சார்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். யாரோ, "அடியேய், சாரு சிரிக்கிறாரு பாருங்கடி" என்றார்கள்.

கடிகாரத்தைப் பார்த்தேன். 11.25.

சொல்லியிருக்கலாம். "பாயைத் தூக்குங்கள்" என்று இரண்டு சொல் போதும். சொன்னால் எல்லாரும் களத்துக்கு ஓடுவார்கள், நான் மறுபடி தூணுக்குப் பக்கத்தில் தனியாக நிற்பேன். வடையோடு மணியம் வந்துவிடுவார். பிறகு யாரும் என் பக்கம் திரும்ப மாட்டார்கள். "அடுத்தது யார்?" என்றேன்.

மணியம் வந்தது 11.50க்கு. வரும்போதே கத்திக்கொண்டு வந்தார். "அக்கா, பாயி! பாயைப் பாருங்கக்கா!" வடைப் பொட்டலத்தை அப்படியே போட்டுவிட்டுக் களத்துக்கு ஓடினார். பெண்களும் ஓடினார்கள். மூன்று பாயும் போய்விட்டன. ஒவ்வோர் அப்பளமும் கிண்ணம் மாதிரி ஓரம் சுருண்டு நின்றது. தொட்டால் உடைந்தது. நான் அளவுகோலைப் பைக்குள் வைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பாண்டியம்மாள் திரும்பி வந்தார். அவர் பார்த்தது இதுதான்: களத்து நடுவில் மணியம், சுற்றிலும் பெண்கள், தரையில் வடை.

"ஏண்டி, கண்ணு அவிஞ்சு போச்சாடி உங்களுக்கு?" என்று தொடங்கி மணியத்திடம் வந்தார். "தம்பி, நானும் நேத்துலேருந்து பாக்குறேன். சிரிச்சுச் சிரிச்சுப் பேசி, வட வாங்கித் தாரேன்னு வேலையக் கெடுத்துட்டியே. இவளுகளுக்குக் காலையில செஞ்ச வேலைக்குக் கூலி இல்ல. தெரியுமா உனக்கு?"

பெண்கள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவர்களுக்கும் விழும். மணியம் என்னைப் பார்த்தார். ஒரு விநாடி இருக்கும். என் கையில் குறிப்பேடு இருந்தது, அதில் 11.05 என்றும் எழுதியிருந்தது. நான் குனிந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன்.

"மன்னிச்சிருங்கக்கா" என்றார் மணியம்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாடிக்கையாளரிடம் வாதாடக் கூடாது என்கிற விற்பனைக்காரர் பழக்கமாக இருக்கலாம். என் வயதுக்கு மரியாதையாக இருக்கலாம். அன்று மாலை விடுதி அறையில் அவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "சார், இட்லி வாங்கிட்டு வரவா?" என்று மட்டும் கேட்டார். அவர் வெளியே போயிருந்தபோது மேலே உள்ள ஆறு குறிப்புகளையும் எழுதினேன்.

நான்காம் நாள் கொட்டகைக்குப் போகப் பிடிக்காமல், மலை பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டேன். சமணர் மலைக்குக் கட்டணம் இல்லை. அடிவாரத்தில் அய்யனார் கோயில், ஆலமரங்கள், தாமரைக் குளம். பாறையிலேயே படி வெட்டியிருக்கிறார்கள், ஒரு பக்கம் கம்பிப் பிடி. காலை எட்டு மணிக்குள் ஏறிவிட வேண்டும், பிறகு பாறை சுடும். எனக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. முழங்கால் வலி உள்ளவர்கள் ஊன்றுகோல் கொண்டுபோகவும். மேலே பாறை முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். மலையில் துறவிகள் படுத்த கற்படுக்கைகளும் உண்டு. எதையும் வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்து அங்கே படுத்தவர்கள். நான் அங்கே உட்கார்ந்து நினைத்ததோ மணியத்தைப் பற்றி.

அங்கிருந்து பார்த்தால் களம் தெரிகிறது. வெள்ளைச் சதுரங்களாகப் பாய்கள். பாய்களுக்கு இடையில் நீலச் சட்டை போட்ட ஒருவர் குனிவதும் நிமிர்வதுமாக இருந்தார். மணியம் அன்று ஆறு மணிக்கே கிளம்பிப் போயிருந்தார். முந்தைய நாள் கூலி போனவர்களுக்குக் கூடுதலாக ஓர் ஈடு காயப்போட உதவிக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. வைதவரின் களத்திலேயே போய் வேலை செய்ய எப்படி ஒரு மனிதருக்கு முடிகிறது? மலை உச்சியில் உட்கார்ந்துகொண்டு அதற்கும் பொறாமைப்பட்டேன்.

மாலை விடைபெறப் போனபோது பாண்டியம்மாளின் கைத்தொலைபேசிக்கு முதலாளியம்மாவே அழைத்திருந்தார். பேசி முடித்துவிட்டு என்னிடம் வந்து, "அய்யா, அடுத்த வருசமும் நீங்களே வாங்க. உங்கள மாதிரிப் பதவிசா வந்து, பாத்தமா போனமான்னு இருக்கணும். அந்தத் தம்பி நல்ல தம்பிதான். ஆனா தொழிலுக்கு ஆகாது" என்றார். மணியம் அப்போது செல்வியிடம் கேலி வாங்கிக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்காது என்று நினைக்கிறேன்.

நான் விரும்பியது கிடைத்துவிட்டது. ஐந்தாம் நாள் அதே 1,600 ரூபாய்க் கார், அதே விமானம்.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். ஆகஸ்டில் மதுரை வெயில் கடுமை, குடை கட்டாயம். மாலையில் திடீர் மழையும் உண்டு. ஆட்டோவில் ஏறுமுன் தொகையைப் பேசிவிடுங்கள். பேச வராதவர்கள் விடுதிக்காரரைப் பேசச் சொல்லுங்கள். வீதிகளின் பெயரை மனப்பாடம் செய்யாதீர்கள், கோபுரத்தைப் பார்த்து நடங்கள். எந்தத் தொழிற்கூடத்துக்குப் போனாலும் கேள்வித் தாளை முதல் நாள் வெளியே எடுக்காதீர்கள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் வேண்டும் என்று சொல்லுங்கள். ஒருவருடைய வேலை நேரத்தில் அவரைப் புகழாதீர்கள், ஓய்வு நேரத்தில் புகழுங்கள்.

ஊர் திரும்பிய பிறகு, கணினியில் தமிழ் தட்டச்சு செய்ய எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மணியம். இந்த வலைப்பூவை அமைத்துத் தந்ததும் அவர்தான். "சார், நீங்கதான் எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கீங்க, மதுரையைப் பத்திப் போடுங்க" என்று நான்கைந்து முறை சொல்லிவிட்டார். நான் எழுதத் தொடங்குவேன், நான்காவது குறிப்பு வந்ததும் நிறுத்திவிடுவேன். இப்படிப் பத்து மாதம் போயிற்று.

இந்த ஆகஸ்டுப் பயணத்துக்கு டிக்கெட் எடுக்கும் நேரம் வந்துவிட்டதால், நேற்று காலை 9.15க்கு முதலாளியம்மாவின் அறைக்குப் போனேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய்ப் பார்த்துப் படித்தேன், இல்லாவிட்டால் பாதியில் திரும்பியிருப்பேன். அவர் முழுக்கக் கேட்டார். பாண்டியம்மாளுக்கு அவரே தொலைபேசியில் சொல்லிவிடுவதாகச் சொன்னார். பிறகு, "அப்ப டிக்கெட்டை யாரு பேர்ல போடணும் சார்?" என்றார். மணியம் பெயரைச் சொன்னேன். கிடங்கில் என் நாற்காலியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் மனம் லேசாகிவிடும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை. ஆகஸ்டில் மணியம் அந்தக் களத்தில் நிற்பார், "வா மாப்ள" என்பார்கள், செல்வி ஏதாவது சொல்வார், எல்லாரும் சிரிப்பார்கள். நினைத்தாலே வயிறு எரிகிறது. இதை அவர் படிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

மேலே தந்துள்ள நேரமும் தொலைவும் செலவும் சரியானவை. ஆறு குறிப்புகளில் நான்காவது மட்டும் தவறு. மணியம் பேசியதால் அந்த அப்பளம் கெடவில்லை. நான் பேசாமல் இருந்ததால் கெட்டது.